தனபாக்கியத்துக்கு அழுத பன்னெண்டு நிமிசம்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க டீச்சர், எனக்கு வேணாம். காத்து மூஞ்சில அடிச்சா தொண்ட கட்டிக்கும். டீச்சர்தான? பையில திருத்துற பேப்பர் கட்டு தெரியுது, அதான் கேட்டன். நான் கீழ்வலசை கூட்ரோட்டுல எறங்கணும். செஞ்சி தாண்டுனா பெரிய ஏரி ஒண்ணு வரும். ஏரி முடியற எடத்துல ஒரு பெட்ரோல் பங்க்கு. அதுக்கு எதுத்தாப்ல. வந்தா கொஞ்சம் சொல்லுங்க, பேச ஆரம்பிச்சா எனக்கு வழி தெரியாது.

வாசன அடிக்குதா? வாளக் கருவாடு. மூணு பையில சுத்தியும் அடிக்குது. என் தங்கச்சிக்கு எடுத்துக்கிட்டுப் போறன். அவளுக்குன்னு வாங்கல. சந்தையில நல்லா இருந்துச்சி, வாங்குனன். போற வழியில அவ வூடு இருக்குது, அவ்ளோதான்.

என் மூஞ்ச எங்கியோ பாத்த மாதிரி இருக்குதா? எல்லாரும் அப்டித்தான் பாக்கறாங்க. போன்ல பாத்திருப்பீங்க. ஊதாப் பொடவ கட்டிக்கிட்டு, தலமயிர விரிச்சிப் போட்டு, மாருல அடிச்சிக்கிட்டு ஒருத்தி அழுவாளே, அது நான்தான். ஒப்பாரி அஞ்சலாட்சின்னு கேட்டா திண்டிவனம் சுத்துப்பட்டுல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். எங்க தெருவுக்கு நல்லது எதுக்கும் யாரும் ஆள் அனுப்ப மாட்டாங்க டீச்சர். கல்யாணத்துக்கு வரமாட்டாங்க, காது குத்துக்கு வரமாட்டாங்க. செத்தா மட்டும் வண்டி வரும். கூலிக்கு மாரடிக்கிறவன்னு என்னயப் பேசுவாங்க. பேசட்டும். கூலிக்குத்தான் அடிக்கறன். வலிக்கறது என் மாருதான?

இந்தத் தொழில்ல சும்மா வாயத் தொறந்தா பாட்டு வந்துடாது. சாவு வூட்டு வாசல்ல நின்னு மொதல்ல நாலு சங்கதி கேப்பன். பேரு என்னா. யாரு பெத்தது. யாரு கட்டுனது. எத வுட்டுட்டுப் போனாங்க. இந்த நாலும் தெரிஞ்சா போதும், எட்டு மணி நேரம் அழுவன். தெரியலன்னா எட்டு வார்த்த வராது. முன்னப் பின்ன பாக்காத கெழவனுக்கு அழுதிருக்கன். பொண்டாட்டிய அடிச்சே கொன்னவனுக்கு அழுதிருக்கன். பேரச் சொல்லிட்டா அப்புறம் அவன் நம்மாளு. ஆனா சாவு இல்லாத எடத்துல ஒப்பாரி வைக்கக் கூடாது. சாவு அந்தச் சத்தத்தக் கேட்டு எடம் தேடி வந்துடும்னு எங்க பக்கம் ஒரு பயம். சின்னதுல நானும் தனபாக்கியமும் வெளையாட்டுக்கு அழுது பாடுனா எங்கம்மா வெளக்குமாத்தோட ஓடி வரும்.

தனபாக்கியம்தான் என் தங்கச்சி. கூடப் பொறந்தது அவ ஒருத்திதான். முன்னெல்லாம் ரெண்டு பேரும் சேந்துதான் சாவுக்குப் போவம். நான் எடுத்துக் குடுப்பன், அவ வாங்கிப் பாடுவா. அவ குரலு என் குரல வுட நல்லாருக்கும்னு சில பேரு சொல்லுவாங்க. சொல்றவங்களுக்குக் காது சரியில்ல.

மூணு வருசத்துக்கு முன்னாடி பட்டணத்துலேர்ந்து ஒரு பேராசிரியரு காரு எடுத்துக்கிட்டு என் வூட்டுக்கே வந்தாரு. இளம்பரிதின்னு பேரு. காலேஜில நாட்டுப்புறக் கலை விழா நடத்தறாங்களாம். மலையிலேர்ந்து ஆட வர்றாங்க, வடக்கேர்ந்து சுவத்துல படம் எழுதறவங்க வர்றாங்க, நம்ம பக்கத்துக் கூத்து, பறை எல்லாம் வருது, ஒப்பாரிக்கு நீங்கதாம்மா வரணும்னாரு. எங்க வூட்டுக்குள்ள வந்து, எங்க வூட்டுச் சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சாரு. எங்கூருல எத்தன பேரு குடிச்சிருக்கான்? நான் உடனே சரின்னுட்டன்.

அங்க போனா எல்லாம் வெளக்கு, எல்லாம் பூ. ஒரு பொண்ணு வந்து ஊதாப் பொடவ குடுத்து இத கட்டிக்குங்கம்மான்னுது. மேடைக்குப் பின்னாடி இருக்கற துணியும் ஊதாவாம். ஒருத்தன் வந்து ஜாக்கெட்டுல மைக்க மாட்டிட்டு, 'அம்மா, இந்தப் பக்கம் மட்டும் அடிச்சிக்காதீங்க, சத்தம் கரகரன்னு வரும்'னு சொல்லிட்டுப் போறான். ஒரு பக்கம் மட்டும் எப்டி அடிச்சிக்கறது? இத்தன வருசத்துல யாரும் எனக்கு அப்டிச் சொன்னதில்ல.

நான் பேராசிரியரக் கூப்ட்டு, 'சாமி, சாவு யாருது?'ன்னு கேட்டன்.

'யாரும் சாகலம்மா. சும்மா பாடுங்க, பன்னெண்டு நிமிசம்'னாரு.

'சும்மா எப்டி சாமி? பேரு வேணும்.'

'எதாவது ஒரு பேர வச்சிக்குங்க.'

'எதாவது ஒண்ணு எனக்கு வராது சாமி.'

அவரு யோசன பண்ணிட்டு, காலேஜிப் பையன் ஒருத்தன வெள்ளத் துணி போத்திப் படுக்க வைக்கலாமான்னு கேட்டாரு. பையனும் சிரிச்சிக்கிட்டே வந்து நிக்கறான். ஒரு தாயி பெத்த புள்ளய உசுரோட படுக்க வச்சி நான் அழுவறதா? வேணவே வேணாம்னுட்டன். கடைசியில ஒரு காலி நாற்காலியப் போட்டு மாலைய மாட்டி வச்சாங்க. நாற்காலிக்கு யாரு பெத்தவ, யாரு கட்டுனவ, சொல்லுங்க?

மேடையில ஏறிட்டன். முன்னாடி ஆயிரம் போனு. என் பேரச் சொல்லி, மண்ணின் குரலு, மக்களின் கண்ணீருன்னு என்னென்னமோ படிக்கறாங்க. வாயத் தொறக்கறன், பாட்டு வரல. மாருல அடிச்சிப் பாக்கறன், வரல. வேத்து ஊத்துது. ஊரு பேரு கெட்டுப் போயிடும்னு பயம் வந்துடுச்சி. அப்ப வாயில தானா வந்த பேரு அது. தனபாக்கியம். வேற ஒண்ணுமில்ல டீச்சர். நாக்குக்குக் கிட்ட இருந்த பேரு. சத்தியமா சொல்றன், அவ மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது.

பேரு வந்துச்சா, மத்த மூணும் தானா வந்துச்சி. யாரு பெத்ததுன்னு எனக்குத் தெரியும். யாரு கட்டுனதுன்னு தெரியும். மெதுவா சொல்றன், பஸ்ஸுல பாடக் கூடாது.

ஒரு பாயில படுத்தமடி தனபாக்கியமே – இப்ப
ஒத்தப் பாயி ஒனக்காச்சே தனபாக்கியமே
ஏழு வருசம் பேசலியே தனபாக்கியமே – ஒன்
வாய்க்கட்ட அவுக்கச் சொல்லி
ஆரப் போயி நான் கேப்பன் தனபாக்கியமே

பொணத்துக்கு வாயி தொறந்துக்காம இருக்க தாடையச் சேத்து ஒரு துணியக் கட்டுவாங்கல்ல, அந்தக் கட்டு. அந்த வார்த்த எங்கேர்ந்து வந்துச்சின்னு எனக்கே தெரியல. பன்னெண்டு நிமிசமும் அழுதன். கண்ணுல தண்ணி நிக்கல. முடிச்சி நிமிந்து பாத்தா, எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டறாங்க. விசில் அடிக்கறான் ஒருத்தன். பின்னாடிலேர்ந்து ஒருத்தன் ஒன்ஸ்மோருன்னு கத்தறான். நான் ஆயிரம் சாவு பாத்தவ. ஒப்பாரிக்கு ஒன்ஸ்மோரு கேட்டத அன்னைக்கித்தான் பாத்தன். வயித்தெரிச்சலா இருந்துச்சி. ஆனா பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் நல்லாவும் இருந்துச்சி. கண்ணாடியில ஒரு ஷீல்டு குடுத்தாங்க. டிவி மேல வச்சிருக்கன்.

ஏழு வருசம் ஏன் பேசலன்னா கேக்கறீங்க? பெரிய சண்ட ஒண்ணுமில்ல. எங்கம்மா செத்தப்ப அவ புருசனோட பெங்களூருல கட்டட வேலையில இருந்தா. போன் போட்டம். வந்துக்கிட்டே இருக்கறன்னா. மூணு மணிக்கு எடுக்கறதுன்னு பேச்சு. மூணு ஆச்சி, மூணர ஆச்சி, காணம். மழ வேற இருட்டிக்கிட்டு நிக்குது. தூக்கறவங்க என்னயத்தான் கேட்டாங்க, 'அஞ்சல, சின்னவ வர்ற வரைக்கும் பாக்கலாமா'ன்னு. 'அவளுக்கு என்னைக்கி நேரம் தெரிஞ்சிருக்குது, எடுங்க'ன்னன். பேச்சுக்குச் சொன்னது டீச்சர். தூக்கறவங்க அதையே புடிச்சிக்கிட்டாங்க. நாலேகாலுக்கு வந்து எறங்கறா. எங்கள்ல பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறதில்ல. இவ செருப்பக் கழட்டி வீசிட்டு ஏரிக்கர வரைக்கும் ஓடுறா. ஆம்பளைங்க மறிச்சித் திருப்பி அனுப்பிட்டாங்க. மழ அப்புறமும் பெய்யல.

அதுக்குப் போயி பேச்ச நிறுத்திட்டா. நான் என்னா மழைய வரச் சொன்னனா, வேணாம்னு சொன்னனா? அவ வந்திருந்தா எல்லாரும் அவளச் சுத்தித்தான் கட்டிப் புடிச்சி அழுதிருப்பாங்க. அம்மாவுக்கும் அவதான் செல்லம். அன்னைக்கி எங்கம்மாவுக்கு ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நான் ஒருத்தியேதான் அழுதன். அத யாரும் சொல்ல மாட்டாங்க.

செஞ்சி வந்துடுச்சா? அதான் கூட்டம் ஏறுது. இன்னும் நேரம் இருக்குது.

அந்தப் பாட்ட எவனோ போன்ல போட்டு வுட்டுட்டான். அது மேடைப் பாட்டுன்னு எங்க சனத்துக்கு எப்டித் தெரியும்? அஞ்சலாட்சி அவ தங்கச்சி பேரச் சொல்லி மாருல அடிச்சிக்கிட்டு அழுவறா, அப்ப தங்கச்சி செத்துட்டான்னுதான அர்த்தம்? எங்க தொழில்ல யாரும் உசுரோட இருக்கறவ பேரச் சொல்லி அழ மாட்டமே. பெங்களூருலேர்ந்து அவ கொழுந்தன் குடும்பம் வேனு புடிச்சிக்கிட்டு வந்துடுச்சி. மாலையோட வந்து அவ இப்ப இருக்கற கீழ்வலசையில எறங்கி, தெருமொனையிலேர்ந்தே அழுதுக்கிட்டுப் போறாங்க. இவ வாசல்ல உக்காந்து மீனு அலசிக்கிட்டு இருக்கறா. ஒருத்தி பாத்துட்டு மயக்கம் போட்டு விழுந்துட்டாளாம். கேட்டப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சி. உங்களுக்கும் வருது பாருங்க.

அவளுக்கு வரல. அவ அந்த மாலைய எடுத்து வாசக்கால்லயே மாட்டி வச்சிட்டாளாம். காஞ்சி சருகாகற வரைக்கும் எடுக்கலியாம். போன்ல அந்தப் பாட்ட முழுசாப் பாத்துட்டு, 'எங்கக்காளுக்கு நான் செத்து முடிஞ்சிட்டன், இனிமே என் சாவுக்குன்னு அவ தனியா வரவேணாம்'னு சொல்லி அனுப்புனா. யாரு மேல தப்பு? எனக்குப் பேரு குடுக்காம மேடையில ஏத்துன பேராசிரியரு மேலதான் தப்பு. நான் அவருகிட்டயே போன்ல சொன்னன், இப்டி இப்டி ஆயிப் போச்சி சாமின்னு. அவரு வருத்தப்படுவாருன்னு பாத்தா, 'அப்டியாம்மா! உயிரோட இருக்கறவங்களுக்கு ஒப்பாரி வைக்கிற மரபு உங்கள்ல எத்தன தலமொறையா இருக்குது?'ன்னு கேக்கறாரு. கேட்ட மனுசனுக்கு அவ்ளோ ஆச. நாலு தலமொறைன்னுட்டன். அத வச்சி ஒரு கட்டுரையே எழுதிட்டாரு.

அதோட வுட்டாரா? அடுத்த வருசம் விழாவுக்குக் கீழ்வலசைக்குப் போயி தனபாக்கியத்தக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. என்னய மொத வரிசையில உக்கார வச்சாங்க. அக்காவுக்குத் தங்கையின் எதிர்ப்பாட்டுன்னு மைக்குல சொல்றாங்க. அவளுக்கும் அதே ஊதாப் பொடவ. மெலிஞ்சி போயிருந்தா. எனக்குத் தெரியும் டீச்சர், இன்னைக்கி என்னய நாறடிக்கப் போறான்னு. எங்கம்மா சாவ இழுப்பா, மழைய இழுப்பா, எல்லாத்தையும் ஆயிரம் பேருக்கு முன்னாடி அவுத்துக் கொட்டப் போறான்னு பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தன்.

அவ பாடுனது என்னா தெரியுமா?

சாவு வூட்டுச் சோத்தையெல்லாம் எங்கக்கா – நீ
முந்தானையில முடிஞ்சாந்து ஊட்டுனியே எங்கக்கா
தின்னவ போல வாயத் தொடச்சி எங்கக்கா – நீ
வெறும் வயித்தோட படுத்தியே எங்கக்கா

பாத்தீங்களா? படிச்சவங்க ஆயிரம் பேரு உக்காந்திருக்கற எடத்துல, நாங்க சாவு வூட்டுச் சோறு தின்னு வளந்தவங்கன்னு சொல்றா. என் மானத்த வாங்கிட்டா. நான் என்னா திங்காமலா இருந்தன்? நானும் தின்னன். பாதி நாளு தின்னன். நான் திங்கலன்னு அவளுக்கு யாரு சொன்னா? அவ அப்ப ஆறு வயசுப் புள்ள, தூங்கிக்கிட்டுல்ல இருப்பா? தூங்கற மாதிரி பாசாங்கு பண்ணிக்கிட்டு என்னய வேவு பாத்திருக்கறா.

சரியா மூணு நிமிசம் பாடுனா. மூணே நிமிசம்! நான் அவளுக்குப் பன்னெண்டு குடுத்தன். பன்னெண்டு எங்க, மூணு எங்க? அதுலயும் கடைசியில ஒண்ணு போட்டா பாருங்க, எனக்கு இன்னைக்கி வரைக்கும் அதுதான் புரியல.

பஸ்ஸேறி வந்துக்கிட்டு இருக்கறனே எங்கக்கா – நான்
வந்து சேரும் முன்னாடி எங்கக்கா
தூக்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு எங்கக்கா – இந்த
ஒரு தடவையாச்சும் சொல்லு எங்கக்கா

அந்தப் பாட்டுல நான்தான செத்தவ? செத்தவ எப்டி சொல்லுவா? பாட்டுல ஒரு ஞாயம் வேணாமா? பொணத்தப் பாத்து, தூக்க வேணாம்னு சொல்லுன்னு பாடறதா? எடுத்துக் குடுக்க நான் இல்லன்னா அவளுக்கு இப்டித்தான், பாட்டு எங்கியோ போயிடும். ஆனா அன்னைக்கி ஒருத்தனும் கை தட்டல. எல்லாரும் அப்டியே உக்காந்திருக்கறாங்க. பேராசிரியரு மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடைக்கறாரு. எனக்குத் தட்டுனவங்க அவளுக்குத் தட்டல, அதையும் நீங்க கவனிக்கணும். அவ எறங்கி வந்து எனக்கு முன்னாடி நின்னா. எதோ சொல்ல வாயத் தொறந்தா. நான் எழுந்து வந்துட்டன். ஆமா, எழுந்துதான் வந்துட்டன். பின்ன? மூணு நிமிசம் பாடிட்டு வந்தவகிட்ட நான் என்னா பேசறது?

போன மாசம் அவ பொண்ணு அமுலு போன் போட்டுச்சி. 'பெரியம்மா, அம்மாவுக்குச் சக்கர முத்திப் போயிடுச்சி. காலு ரெண்டும் கருத்துப் போச்சி. ஆஸ்பத்திரியில, வூட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போயிடுங்கன்னுட்டாங்க. கட்டில வாசப்படிகிட்ட போடச் சொல்லி ரோட்டையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்குது. பஸ்ஸு சத்தம் கேட்டா தலையத் தூக்கிப் பாக்குது. வா பெரியம்மா'ன்னு அழுவுது. நான் வரமாட்டன்னா சொன்னன்? வர்றன்னுதான் சொன்னன். பஸ்ஸுல உக்காந்திருக்கறன் பாருங்க, கருவாட்டோட. போயி மொதல்ல ரெண்டு கேள்வி கேப்பன். ஏன்டி, நான் திங்கலன்னு எவ சொன்னான்னு கேப்பன். எந்தத் தடவடி நீ வர்றதுக்கு முன்னாடி நான் தூக்கச் சொன்னன்னு கேப்பன்.

கேப்பன். ஆனா ஒண்ணு டீச்சர். எனக்கு ஒரு வூட்டுக்குள்ள அழுதுக்கிட்டு நுழையத்தான் தெரியும். தெருமொனையிலயே ஆரம்பிச்சிடுவன், வாசலுக்குப் போறப்ப குரலு ஏறியிருக்கும். நாப்பது வருசமா அப்டித்தான் நுழைஞ்சிருக்கறன். படுத்திருக்கறவ கண்ணத் தொறந்து நம்மளயே பாத்துக்கிட்டு இருந்தா, சும்மா எப்டி டீச்சர் நுழையறது? மொத வார்த்த என்னா சொல்றது? நீங்க படிச்சவங்க, சொல்லுங்களேன். 'நல்லாருக்கியா'ன்னு கேக்கறதா? நல்லா இல்லன்னு தெரிஞ்சிதான போறன்?

என்னா பாக்கறீங்க? பங்க்கா? எந்தப் பங்க்கு? ஏரி போயிடுச்சா? அய்யய்ய, சொல்லக் கூடாதா? சொன்னீங்களா? தோளத் தொட்டுச் சொன்னீங்களா? எனக்குக் காதுல விழலியே.

என்னாப்பா கண்டக்டரு, நீ ஒரு விசில் அடிச்சி ஊரு பேரு சொல்ல மாட்டியா? நிறுத்தி ரெண்டு தடவ கூப்ட்டியா? நான் ஒன் மூஞ்சயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தனா? நல்லாருக்குதே கத. என்னா சொன்ன? இன்னைக்கும் எறங்கலியாக்கான்னா? அது என்னா இன்னைக்கும்?

அது ஒண்ணுமில்ல டீச்சர். திங்கக்கெழம ஏறுனன், நல்ல கூட்டம், எறங்க வுடல. அதுக்கு முந்தி ஒருநாளு கண்ணசந்துட்டன். அதுக்கு முந்துன வாரம் மழ வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு நின்னுச்சி. இவன் என்னமோ நான் வேணும்னே பண்ற மாதிரி நாலு பேரு கேக்கப் பேசறான்.

திருவண்ணாமல வரைக்கும் ஒரு டிக்கெட்டு போடுப்பா. அங்க எறங்கித் திரும்பற வண்டியப் புடிச்சிக்கறன். இந்தக் கருவாட்ட நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க டீச்சர், நல்ல கருவாடு, வீணாப் போயிடும். அவளுக்கு நாளைக்கி வேற வாங்கிக்கறன். நாளைக்கி வந்து பாத்தாப் போச்சி. அவ எங்க போயிடப் போறா?